காட்டுக் கார்பனுக்குப் பாத்தியதை யாருக்கு?

நிலம் வாங்குகிறவர் எவரும் வில்லங்கம் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. அரை ஏக்கர் புன்செய்யானாலும், மூல தஸ்தாவேஜு உண்டா, விற்பவருக்கு உண்மையில் பாத்தியதை உண்டா, பங்காளிகள் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்பனவற்றையெல்லாம் விசாரித்த பின்னரே கிரயப் பத்திரம் எழுதப்படுகிறது. விற்பவனுக்கு இல்லாத உரிமையை வாங்குபவன் அடைய முடியாது என்பது நியாய சாஸ்திரத்தின் முதல் பாடம். இந்தச் சாதாரண விவேகம் நமது தேசத்து வனங்களின் விஷயத்தில் மட்டும் கைவிடப்பட்டு வருகிறது. மரங்களிலும் மண்ணிலும் அடங்கியிருக்கும் கார்பனை அளந்து, சீட்டாக்கி, சந்தையில் விலைபோட வழிசெய்யும் விதிகள் 2023-ஆம் வருஷம் முதல் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறப்பிக்கப்பட்டு வருகின்றன. ஆனால், காட்டிலுள்ள கார்பன் யாருடைய சொத்து என்பது பார்லிமெண்டு இயற்றிய சட்டம் எதிலும் எழுதப்படவில்லை. சரக்கு இருக்கிறது, தராசு இருக்கிறது, வாங்குவோரும் இருக்கின்றனர். சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை. அவ்விடையைப் பெறாமல் சந்தையின் கதவைத் திறப்பது பெரும் அநீதிக்கு இடங்கொடுக்கும் என்று நாம் எச்சரிக்க விரும்புகிறோம்.

விஷயம் புதியது, ஆகையால் அதன் தன்மையைச் சற்று விளக்குவது அவசியமாகும். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வெளியாகும் கரியமில வாயு ஆகாயத்தில் சேர்ந்து பூமியின் வெப்பத்தை மிகுவிக்கிறது. மரம் வளரும்போது அந்த வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கார்பனைக் கட்டையிலும் வேரிலும் மண்ணிலும் சேர்த்து வைக்கிறது. காடு அழிந்தால், சேர்த்து வைத்தது மீண்டும் வாயுவாகி விடுகிறது. ஆகவே, காட்டை வளர்ப்பவருக்கோ, அழியாமல் காப்பவருக்கோ, ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு சீட்டு என்று கணக்கிட்டுக் கொடுத்து, அச்சீட்டைப் புகைவிடும் ஆலைக்காரர் விலைக்கு வாங்கித் தம் கணக்கில் கழித்துக்கொள்ள அனுமதிப்பதே இந்த வியாபாரத்தின் சாரம். கார்பன் கிரெடிட் என்று வழங்கும் இச்சீட்டு கண்ணால் காணக்கூடிய சரக்கன்று. நெல்லைப் போலவோ பருத்தியைப் போலவோ கிடங்கில் அடுக்கி வைக்கக் கூடியதன்று. சட்டத்தினால் மட்டுமே உயிர்பெறும் சரக்கு அது. ஆகையினால், சட்டம் கோணினால் சரக்கும் கோணும்.

காட்டுக் கார்பனைச் சந்தைக்குக் கொண்டுவருவதில் உலக நாடுகள் நெடுங்காலம் தயங்கியே வந்திருக்கின்றன. 1997-ஆம் வருஷத்துக் கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் ஏற்பட்ட முறையில், புதிதாகக் காடு வளர்ப்பதற்கு மட்டுமே இடமளிக்கப்பட்டது. இருக்கும் காட்டைக் காப்பதற்குச் சீட்டு வழங்க 2001-இல் மராக்கெஷ் நகரில் வகுக்கப்பட்ட விதிகள் இடந்தரவில்லை. காடு தீப்பற்றினால் கணக்கும் கூடவே எரிந்துபோகும் என்ற காரணத்தால், புதுக் காட்டுக்கான சீட்டுகளுங்கூடக் காலவரையறை உள்ளனவாகவே வழங்கப்பட்டன. ஐரோப்பிய யூனியன் அவற்றைத் தன் சந்தைக்குள் அனுமதிக்கவில்லை. பின்னர் 2005-இல் பாபுவா நியூகினியும் கோஸ்டா ரிகாவும் காடழிவைத் தடுப்பதற்கும் பணம் வேண்டுமென்று மாண்ட்ரீல் மகாநாட்டில் கோரின. அக்கோரிக்கை வளர்ந்து 2013-இல் வார்சாவில் விதிகளாக முடிந்தது. இடையே 2010-இல் கான்கூன் மகாநாடு, பழங்குடி மக்களின் அறிவும் உரிமைகளும் மதிக்கப்பட வேண்டும், அவர்கள் முழு அளவில் பங்குபெற வேண்டும் என்ற காப்பு நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. இந்தியாவும் சேர்ந்துள்ள 2015-ஆம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கையின் 5-ஆவது ஷரத்து காடுகளைப் பற்றியும், 6-ஆவது ஷரத்து நாடுகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலைப் பற்றியும் பேசுகின்றன. அந்த 6-ஆவது ஷரத்துக்கான விதிகள் 2021-இல் கிளாஸ்கோவில் தொடங்கி 2024-இல் பாகு நகரில் முற்றுப்பெற்றன. ஆகவே இனித் தயக்கத்தின் காலம் கழிந்தது. வியாபாரத்தின் காலம் வந்துவிட்டது.

நமது தேசமும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 2030-ஆம் வருஷத்துக்குள் காடுகளையும் மரங்களையும் பெருக்கி, 250 முதல் 300 கோடி டன் வரையில் கரியமில வாயுவை அதிகப்படியாக உட்கொள்ளச் செய்வோம் என்று இந்திய சர்க்கார் உலகத்தின் முன் வாக்களித்திருக்கிறது. 2024 டிசம்பரில் வெளியான இந்திய வன நிலை அறிக்கையின்படி, நமது காடுகளின் பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர். அவற்றில் அடங்கிய கார்பன் 728 கோடி டன்னுக்கு மேல். இந்தப் பெருஞ்செல்வத்தின் மீது கண் வைத்துச் சட்டங்கள் எழுந்துள்ளன. 2001-ஆம் வருஷத்து எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, கார்பன் சீட்டு வியாபாரத்தை ஏற்படுத்தும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு அளிக்கப்பட்டது. அதன் கீழ் 2023 ஜூன் 28-ஆம் தேதி கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதே வருஷம் டிசம்பரில், ஆலைகளல்லாத மற்றவர்களும் சீட்டுப் பெற வழிசெய்யும் திருத்தம் சேர்க்கப்பட்டது. அத்தகையோருக்கு இடமுள்ள துறைகளில் வனங்களும் சேர்ந்துள்ளன; அலையாத்திக் காடு வளர்ப்புக்கான கணக்கு முறையும் 2025-இல் வெளியாகியிருக்கிறது. பிச்சாவரத்து இருளரும் முத்துப்பேட்டை மீனவரும் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத டில்லி விவகாரம் என்று இனிக் கருதுவதற்கில்லை.

காட்டைச் சந்தைக்கு அழைக்கும் சட்டம் எரிசக்தி இலாகாவின் சட்டம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆலையின் கொதிகலனையும் மின்சார நிலையத்தின் புகைபோக்கியையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது. கொதிகலனுக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் தகராறு கிடையாது. ஆகையால் அச்சட்டம் அக்கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியம் நேரவில்லை. ஆனால், காட்டுக்குள் நுழைகிற மாத்திரத்தில் எடுக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

காடு சர்க்காருடையது, ஆகவே கார்பனும் சர்க்காருடையதே என்று வன இலாகா சொல்லக்கூடும். அந்தப் பாத்தியதை எங்கிருந்து வந்தது என்று விசாரிப்போம். 1871-இல் சென்னை ரெவினியூ போர்டு, இம்மாகாணத்தில் ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்குட்படாத காடு இல்லையென்றே சொல்லலாம் என்றும், கிராமவாசிகள் அவற்றை நினைவுக்கெட்டாத காலந்தொட்டு அநுபவித்து வருகிறார்கள் என்றும் அபிப்பிராயம் தெரிவித்தது. அது கிளர்ச்சிக்காரர்களின் கூற்றன்று. அன்னிய ஆட்சியின் உத்தியோக ஸ்தாபனமே சொன்னது. ஆனால் அந்தக் குரல் அமுக்கப்பட்டது. 1878-ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டமும், 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டமும் கிராமத்தின் காட்டைச் சர்க்காரின் ரிஸர்வ் காடாக்கின. அவ்வாதத்தில் முன்னின்ற பேடன் பவல் என்னும் அதிகாரி, எழுத்து மூலமான உரிமை இல்லாதவரின் அநுபவமெல்லாம் சர்க்கார் காட்டிய சலுகையே தவிர உரிமையன்று என்று வாதித்தார். அந்த ஒரு சொல்லின் பேதத்தால், தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்தவரும் மாடு மேய்த்தவரும் ஒரே நாளில் அத்துமீறிகளானார்கள். 1882-ஆம் வருஷத்துச் சட்டம் பெயர் மாறித் தமிழ்நாட்டில் இன்றும் அமுலில் இருக்கிறது. ஜனங்களைக் கேளாமல் எழுதிக்கொண்ட பத்திரத்தை மூலப் பத்திரமாக நீட்டி, அதன்மேல் கார்பனையும் கிரயம் செய்ய நினைப்பது, பழைய அநீதிக்குப் புதிய வட்டி போடுவதாகும்.

சுதந்தர இந்தியாவின் பார்லிமெண்டு இவ்வநீதியை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே, வனவாசிகளுக்கு இழைக்கப்பட்டது சரித்திர பூர்வமான அநீதி என்று கூறுகிறது. அதன் 3-ஆவது பிரிவு, சிறு வனப் பொருள்களின் சொந்தப் பாத்தியதையைக் கிராமத்தாருக்கு வழங்குகிறது. தாங்கள் பாரம்பரியமாகப் பேணிவந்த சமூக வன வளத்தைக் காக்கவும், மீண்டும் தழைக்கச் செய்யவும், நிர்வகிக்கவும் அவர்களுக்கு உரிமை தருகிறது. 5-ஆவது பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபையிடம் ஒப்படைக்கிறது. இச்சட்டம் வெற்றெழுத்தன்று என்பதை 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு காட்டியது. ஒரிஸ்ஸாவின் நியமகிரி மலையில் சுரங்கம் தோண்டும் விஷயத்தில், டோங்ரியா கோந்த் மக்களின் கிராம சபைகளே யோசிக்க வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது, 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன, சுரங்கம் நின்றது.

கார்பனுக்கு இது எவ்வாறு பொருந்தும் என்பதற்கு மூங்கிலின் கதை தக்க உதாரணமாகும். 1927-ஆம் வருஷத்து வனச் சட்டம் மூங்கிலையும் மரம் என்றே வகைப்படுத்தியது. மரமாகையால் அது இலாகாவின் சொத்து. 2006-ஆம் வருஷத்துச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப் பொருள் என்று வகுத்து, கிராமத்தாருக்குச் சொந்தமாக்கியது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஜில்லாவில் மேண்டா லேகா என்னும் கோந்த் கிராமம், 2009-இல் சமூக வன உரிமைப் பத்திரம் பெற்றது. பத்திரம் கிடைத்த பின்னரும் மூங்கிலை விற்பதற்கான போக்குவரத்துச் சீட்டை இலாகா தர மறுத்தது. 2011-இல் அப்போதைய மத்திய வனத்துறை மந்திரி நேரில் வந்து, அச்சீட்டு வழங்கும் அதிகாரத்தைக் கிராம சபையிடம் ஒப்படைக்கும்படி நேர்ந்தது. இப்பொழுது நாம் கேட்கிறோம்: மூங்கில் கிராம சபையின் சொத்தானால், அந்த மூங்கிலுக்குள் இருக்கும் கார்பன் வேறொருவருடைய சொத்தாவது எப்படி? பாலை ஒருவருக்கும் பாலிலுள்ள வெண்ணெயை இன்னொருவருக்கும் பங்கு வைக்கும் நியாயம் எந்தக் கோர்ட்டில் செல்லும்? காட்டைக் காக்கும் கடமை கிராம சபைக்கு. காத்ததனால் விளைந்த பலன் சீட்டுப் பதிந்தவருக்கு என்றால், அது கூலியில்லாக் காவல் வேலையே அன்றி வேறில்லை.

சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் நடைமுறை பேசிவிடுகிறது. அது எவ்விதம் பேசும் என்பதற்குப் பசுமை கிரெடிட் விதிகள் சாட்சி. 2023 அக்டோபர் 12-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட இவ்விதிகளின்படியும், 2024 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட முறையின்படியும், தரங்குன்றிய காடு, புதர்க்காடு, தரிசு முதலிய நிலங்களை வன இலாகா அடையாளம் காட்டும். கம்பெனி பணம் கட்டும். இலாகா மரம் நடும். கிரெடிட் பணம் கட்டியவருக்குச் சேரும். ஒரு ஹெக்டேருக்கு 1,100 மரங்கள் என்ற அளவில், ஒரு மரத்துக்கு ஒரு கிரெடிட் என்று கணக்கு வகுக்கப்பட்டது. கண்டனங்கள் எழுந்த பின்னர், 2025 ஆகஸ்டில், குறைந்தது 5 வருஷம் கழித்து, 40 சதவிகித விதானம் ஏற்பட்ட பின்னரே கிரெடிட் என்று முறை மாற்றப்பட்டது. மாற்றம் நல்லதே. ஆனால், ஒரே செயலுக்குப் பசுமை கிரெடிட்டும் கார்பன் கிரெடிட்டும் சேர்த்துப் பெற இவ்விதிகள் இடந்தருகின்றன. இப்பரிவர்த்தனையில் நிலத்தைக் காட்டியவர் உண்டு, பணம் கட்டியவர் உண்டு, மரம் நட்டவர் உண்டு; அந்நிலத்தில் ஆடு மாடு மேய்த்தும் விறகும் கிழங்கும் எடுத்தும் வாழ்ந்தவர் எங்கே?

புதர்க்காடு என்பது பாழ்நிலமன்று. அதிகாரியின் படத்தில் தரங்குன்றியதாகத் தெரியும் நிலம், கீதாரியின் கண்ணுக்கு மேய்ச்சல் நிலமாகும். மரமே இல்லாத இடத்தில் மரம் நடுவதெல்லாம் புண்ணியம் என்ற எண்ணத்தின் விளைவை நீலகிரியில் போய்ப் பார்க்கலாம். வெள்ளையர் காலத்திலும் அதற்குப் பின்னரும் அம்மலையின் புல்வெளிகளில் சீகையும் தைல மரமும் நடப்பட்டன. தோதவரின் எருமைகளுக்கு மேய்ச்சல் குறைந்தது. மண்ணுக்கடியில் கார்பனைச் சேர்த்து வைத்திருந்த புல்வெளி சுருங்கியது. அங்கே பரவிய அன்னிய மரங்களை அகற்றுவதற்கு இன்று பொதுப் பணத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. மரத்தை மட்டும் எண்ணிக் காசு கொடுக்கும் சட்டம், அந்தப் பிழையைத் தேசம் முழுவதிலும் செய்விக்கும்.

இதற்கு எதிராக இரண்டு ஆக்ஷேபங்கள் சொல்லப்படலாம். பூமியின் வெப்பம் அதிகரித்து வருகையில், பாத்தியதை பற்றிய வழக்குகளுக்குக் காத்திருக்க நேரமில்லை என்பது ஒன்று. ஆனால் இந்தச் சீட்டுகளால் வெப்பம் தணிகிறதா என்பதையே ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். மூன்று கண்டங்களில், 6 நாடுகளில், காடழிவைத் தடுப்பதாகச் சொல்லிச் சீட்டு விற்கும் 26 திட்டங்களைப் பரிசீலித்த ஒரு ஆராய்ச்சி 2023-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. அவற்றில் பெரும்பாலான திட்டங்கள் காடழிவைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்றும், குறைத்தவையும் தாம் சொல்லிக்கொண்ட அளவுக்கு மிகவும் கீழே நின்றன என்றும் அது முடிவு கண்டது. திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்பதை விற்பவரே ஊகித்துச் சொல்வதனால் வரும் வினை இது. அழியப் போகாத காட்டை அழியப் போவதாகக் காட்டிக் காப்பாற்றியதாகக் கணக்கெழுதினால், அந்தச் சீட்டைக் காட்டி ஆலைக்காரர் விடும் புகை மட்டுமே உண்மையாக எஞ்சும். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதென்று நம் ஜனங்கள் சொல்வார்கள். இங்கே தேங்காய் காட்டுவாசியுடையது, புண்ணியம் கம்பெனியுடையது, பிள்ளையாருக்குங்கூட முழுத் தேங்காய் சேரவில்லை.

ஏழை மலைவாசிகளுக்குப் பணம் வருவதைத் தடுக்கலாமா என்பது இரண்டாவது ஆக்ஷேபம். பணம் வருவதை நாம் தடுக்கவில்லை. அது யார் கைக்கு, எந்த உரிமையின் பேரில் வருகிறது என்றே கேட்கிறோம். காட்டை வேறு காரியங்களுக்கு எடுப்பவர்கள் கட்டிய ஈட்டுத் தொகையிலிருந்து 2019 ஆகஸ்டில் மட்டும் 47,436 கோடி ரூபாய் மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதை ஆளும் 2016-ஆம் வருஷத்துச் சட்டமும் 2018-ஆம் வருஷத்து விதிகளும், செலவு செய்யும் அதிகாரத்தை இலாகாவிடம் வைத்து, கிராமத்தாருடன் கலந்தாலோசித்தல் என்ற அளவோடு நின்றுவிட்டன. கலந்தாலோசனை வேறு, சம்மதம் வேறு என்பதை அரசியல் வாழ்வில் உள்ளவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காடு எடுப்பதற்கான அங்கீகாரத்துக்கு முன் கிராம சபையின் சம்மதம் வேண்டுமென்று 2009-இல் மத்திய சர்க்கார் உத்தரவிட்டிருந்தது. 2022-ஆம் வருஷத்து விதிகள் அந்தப் பொறுப்பை மாநில சர்க்கார்களின் மேல் தள்ளிவிட்டு, மத்திய சர்க்கார் கையைக் கழுவிக்கொள்ள வழிசெய்தன. சலுகை என்ற பெயரில் வரும் பணம், கொடுத்தவர் மனம் மாறினால் நின்றுபோகும். உரிமையின் பேரில் வரும் பணத்தைக் கோர்ட்டில் கேட்டு வாங்கலாம். 1878-இல் நிகழ்ந்த சொற்போரும் இதுவே. இன்று நிகழ்வதும் இதுவே.

மற்ற நாடுகளின் சட்டங்கள் இவ்விஷயத்தில் நமக்கு முந்திக்கொண்டு விட்டன. கென்யா நாடு 2023-இல் தன் சட்டத்தைத் திருத்தி, நிலத்தைச் சார்ந்த கார்பன் திட்டங்களில், செலவு நீங்கிய வருமானத்தில் 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் அந்தச் சமூகத்துக்குச் சேர வேண்டுமென்றும், அதற்குப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் வேண்டுமென்றும் விதித்தது. பிரேஸில் நாட்டின் 2024 டிசம்பர் சட்டம், பழங்குடிகளும் பாரம்பரிய சமூகங்களும் வாழும் நிலத்தில் அவர்களுடைய சம்மதம் இன்றித் திட்டம் கூடாதென்றும், காடழிவைத் தடுக்கும் சந்தைத் திட்டங்களில் கிடைக்கும் சீட்டுகளில் குறைந்தது 70 சதவிகிதம் அவர்களுக்கே உரியதென்றும் கூறுகிறது. சட்டம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கென்யாவின் வடபகுதியில், பெரிய கார்பன் திட்டமொன்றில் சேர்ந்திருந்த நிலப்பகுதி உள்ளிட்ட இரு வனவிலங்குப் பாதுகாப்பகங்கள், ஜனங்களை முறையாகக் கேளாமல் ஏற்படுத்தப்பட்டதால் சட்டவிரோதமானவை என்று இசியோலோ நகரக் கோர்ட்டு 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால், கோர்ட்டுக்குப் போவதற்கேனும் சட்டத்தில் ஒரு பிடி வேண்டுமல்லவா?

நமது தேசத்துக்குள்ளேயே நல்ல உதாரணமும் இல்லாமலில்லை. மேகாலயத்தில் மௌப்லாங் என்னும் ஊரைச் சேர்ந்த காஸி மக்கள், பத்துப் பாரம்பரிய ஆட்சி வட்டாரங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்து, சுமார் 27,000 ஹெக்டேர் பரப்பில் காட்டுக் கார்பன் திட்டம் ஒன்றை 2011 முதல் தாங்களே நடத்தி வந்திருக்கிறார்கள். அங்கே அது எவ்வாறு சாத்தியமாயிற்று? அரசியல் சாஸனத்தின் ஆறாவது அட்டவணையின் காப்பில், காடு அந்த ஜனங்களுடைய சமூகச் சொத்தாகவே நிலைத்திருந்தது. உரிமை முதலில் இருந்தது. வியாபாரம் பின்னால் வந்தது. நாம் வற்புறுத்தும் வரிசையும் அதுவே.

ஆகவே பார்லிமெண்டும் மத்திய சர்க்காரும் செய்ய வேண்டியவற்றைத் திட்டமாகச் சொல்வோம். முதலாவது, 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் சமூக வன உரிமை பெற்ற நிலத்திலும், பெறத் தகுதியுள்ள நிலத்திலும் விளையும் கார்பன் கிரெடிட்டும் பசுமை கிரெடிட்டும் கிராம சபையின் சொத்து என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். இலாகாவின் சுற்றறிக்கை போதாது. இரண்டாவது, உரிமைக் கோரிக்கைகள் தீர்க்கப்படாத காட்டில் எந்தத் திட்டத்தையும் பதிவு செய்யக் கூடாது. கோரிக்கை தீரும் வரையில் ஒருவரையும் வெளியேற்றலாகாது என்று சட்டத்தின் 4-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்லியிருப்பதை இந்தச் சந்தைக்கும் நிபந்தனையாக்க வேண்டும். மூன்றாவது, எத்தனை வருஷத்து ஒப்பந்தம், என்ன விலை, எதைச் செய்யத் தடை, மீறினால் என்ன தண்டம், விலகுவதற்கு என்ன வழி என்பவற்றை ஜனங்களின் பாஷையில் எழுதி, கூடிய கிராம சபையில் படித்துக் காட்டிப் பெற்ற சம்மதமே சம்மதம் என்று கொள்ள வேண்டும். நாற்பது வருஷத்துக்கு ஒரு காட்டைக் கட்டிப்போடும் பத்திரம், பேரப் பிள்ளைகளின் கையையும் கட்டுகிறது என்பதை மறத்தலாகாது. நான்காவது, ஒரே மரத்தை இரண்டு சந்தைகளில் விற்கும் வசதியை நீக்க வேண்டும். ஐந்தாவது, தன் ஆலையில் குறைக்கக் கூடிய புகையைக் குறைக்காமல் காட்டுச் சீட்டை வாங்கித் தப்பிக்கொள்ள எவருக்கும் இடந்தரக் கூடாது. ஆறாவது, பதிவேடு முழுவதும் பொதுஜனங்கள் பார்க்கத் திறந்திருக்க வேண்டும். தகராறு தீர்க்கும் மன்றம் டில்லியில் அல்ல, ஜில்லாவில் இருக்க வேண்டும்.

சர்க்காருக்குச் சொல்வது இத்துடன் நிற்க. தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வனங்களைப் பற்றிய பெரும் வழக்குகளில் ஒன்றான கோதவர்மன் வழக்கு, 1995-இல் நமது நீலகிரியின் கூடலூர்க் காட்டைப் பற்றி எழுந்தது. காடு என்றால் என்ன என்ற கேள்விக்கு அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த விடை தேசம் முழுவதையும் ஆண்டது. 2023-ஆம் வருஷத் திருத்தத்தினால் அதற்கு ஆபத்து வந்தபோது, அந்த விடையையே தற்காலிகமாகப் பின்பற்றும்படி அதே கோர்ட்டு 2024 பிப்ரவரியில் உத்தரவிட நேர்ந்தது. காடு எது என்று கோர்ட்டு சொல்லியாயிற்று. காடு யாருக்கு என்பதை ஜனங்கள்தாம் நிலைநாட்ட வேண்டும். சமூக வன உரிமைக்கு விண்ணப்பம் செய்யாத மலைக் கிராமங்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அவற்றின் எல்லையைப் பெரியவர்களைக் கொண்டு நடந்து குறித்து, விண்ணப்பத்தை எழுதி, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, ஜில்லாக் கமிட்டியின் முன் வைப்பது மேடைப் பிரசங்கத்தைவிடக் கடினமான வேலை. ஆனால் பயனுள்ள வேலை. வக்கீல்கள் தங்கள் படிப்பை அதற்கு உதவட்டும். வாலிபர்கள் தங்கள் கால்களை அதற்கு உதவட்டும். கம்பெனியின் தரகர் கையில் ஒப்பந்தத்துடன் மலையேறுவதற்கு முன்னால், கிராம சபையின் கையில் பட்டயம் இருக்க வேண்டும்.

காட்டைக் காப்பவர்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது என்பது உண்மை. அந்தக் கடனைத் தீர்க்க ஒரு சந்தை ஏற்படுமானால் அதை நாம் வெறுக்கப் போவதில்லை. ஆனால் கடன் யாருக்கோ, வசூல் யாருக்கோ என்ற நிலை வரலாகாது. ஒருமுறை காட்டை இழந்த ஜனங்களை, அந்தக் காடு விட்ட மூச்சையும் இழக்கச் செய்வதற்கு நமது சட்டம் கருவியாகுமானால், 2006-இல் பார்லிமெண்டு எழுதிய முகவுரை வெறும் அலங்காரம் என்றாகிவிடும். அந்த முகவுரையை மெய்யாக்குவதற்குச் சமயம் இதுவே. முதலில் பாத்தியதை, பிறகு கிரயம்.